எமன் பெரட்டும் ஒரு பால்மா டின்னும்

எங்கள் தோட்டத்தில் அந்த வருஷம் எமனுக்குக் காப்புக் கட்டிய அன்று எமனால் பேச முடியவில்லை.

எமன் என்றால் பழனியாண்டி மாமா. கலஹாவில் பஸ்ஸை விட்டிறங்கி இரண்டு மைல் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அங்கே தொழிற்சாலையில், தேயிலை காயவைக்கிற அடுப்புக்கு விறகு போடுகிறவர். நாற்பத்தாறு வயது. இரண்டு கையிலும் ஒரு மயிர் இருக்காது, அடுப்பு தின்றுவிட்டது. முன்பெல்லாம் அவர் கீழே நின்று "காத்தாடிய நிப்பாட்டு" என்றால், நடுவில் நாலு மெஷின் ஓட, மேல் தட்டில் கொழுந்து வாட்டுகிறவர்களுக்குக் கேட்கும். அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. ஐப்பசியில் கண்டிக்குக் கொண்டுபோய் வெட்டி எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போகும் என்று டொக்டர் முன்னாலேயே சொல்லித்தான் வெட்டினார். அதற்குப் பிறகு மாமா வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் காதை வைத்தால் அதற்குள் சொல் இருக்கும்.

தூரத்து ஆட்களுக்காக மகள் பாலம்மாவின் சிலேட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார். முன்பக்கத்தில் "விறகு ஈரம்" என்று எழுதிக் காட்டுவார். பின்பக்கத்தில் பாலம்மா எழுதிய இரண்டாம் வாய்ப்பாடு இருக்கும்.

எமன் பேசாமல் இருந்தால் நல்லதுதானே என்று வெளியூர் ஆட்கள் நினைக்கலாம். எங்கள் ஊர் எமன் பேசியே ஆக வேண்டும்.

பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் களத்தில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலைக்குப் பிரித்து அனுப்புவது. எங்கள் மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாளில் எமனும் அதே களத்துக்கு வருவார். அதே மாதிரிப் பேர் கூப்பிடுவார். வீட்டுக்கு ஒரு பேர், அறுபத்திரண்டு வீடு. பேருக்கு உரியவர் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டிலுள்ள இன்னொருவர் "வேலைக்குப் போயிட்டாங்க" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எமன் "ஆளில்ல" என்று கரிக்கட்டியால் பலகையில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பேருக்குப் போவார். எமனே வந்தாலும் தோட்டத்து ஆள் வேலையில்தான் இருப்பான் என்று யாரோ யோசித்து இதைத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த ஆள் கணக்கப்பிள்ளையாகத்தான் இருந்திருப்பான்.

ஒரு பேரை மூன்று தரம் கூப்பிட்டும் பதில் வராவிட்டால் கோடு கிடையாது, வட்டம். வட்டம் விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு யாரும் கண்ணயர மாட்டார்கள். முந்தின வருஷம் எங்கள் வீட்டுக்கு வட்டம். அம்மாவின் பேரைக் கூப்பிட்டபோது மழை கொட்டியது. நானும் அப்பாவும், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றோம். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில், மைக் செட் கட்டியிருந்தும் எமன் குரல் கேட்கவில்லை. கார்த்திகையில் அம்மா நெஞ்சு வலி என்று உட்கார்ந்தாள், எழும்பவில்லை. மழைக்கும் நெஞ்சு வலிக்கும் சம்பந்தமில்லை. எனக்கு அது தெரியும். நான் எதையும் நம்பாதவள் என்று தோட்டம் முழுக்கப் பேர் வாங்கியவள். ஆனாலும் அதற்குப் பிறகு மழைக்கு நான் அந்தத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கியதில்லை.

இனி மாமாவின் நேர்த்தி. பாலம்மாவுக்கு ஒரு வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. பிழைக்காது என்றார்கள். மாமா நேரே எமனிடமே பேசினார். பிள்ளையை விட்டால் ஏழு வருஷம் உன் வேஷம் கட்டுகிறேன், ஒவ்வொரு வருஷமும் கடைசிப் பேராக அவள் பேரை என் வாயாலேயே கூப்பிடுகிறேன், ஏழாவது கோட்டோடு அவளை உன் பலகையிலிருந்து எடுத்துவிடு என்று. பிள்ளை பிழைத்தாள். ஆறு கோடு விழுந்தாயிற்று. ஏழாவது, இந்தத் தொண்ணூற்றோராம் வருஷம். நேர்ந்த வாய்தான் கூப்பிட வேண்டும். ஒரு வருஷம் தவறினால் ஆறும் வீண்.

கோயில் கமிட்டி கூடியபோது தலைவர் இராமையா வெற்றிலையை மென்றுகொண்டு மாமாவைப் பார்த்தார். தோட்டத்தில் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயிலுக்கும் அவர்தான். பிறகு சொன்னார்.

"பழனியாண்டி, ஒனக்கு ஒரு வீடு. எனக்கு அறுபத்திரண்டு வீடு. சத்தம் கேக்கலைன்னா அத்தனை வீட்டுக்கும் வட்டம். நான் யாருக்குப் பதில் சொல்றது?"

மாமா சிலேட்டில் எழுதினார்: நான் கூப்பிடுவேன்.

"எதால கூப்பிடுவ?"

மைக் செட் கொண்டுவருகிற பாயிஸ் நானா ஒரு வழி சொன்னார். நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். கெலிஓயாவில் அவருக்குச் சின்னக் கடை. பத்து வருஷமாக எங்கள் திருவிழாவுக்கு அவர் ஹோர்ன்தான். "போன வருஷத்த நான் கசற்றுல புடிச்சி வெச்சீக்கிறேன். நல்ல சுத்தமான குரல். அதப் போட்டா வேல முடிஞ்சி. அவரு வாய மட்டும் அசைச்சாப் போதும்."

மாமா சிலேட்டைத் துடைத்துவிட்டுப் பெரிய எழுத்தில் எழுதினார்: வாய் என்னுது. பிறகு அதற்குக் கீழே சின்னதாக: அதில் செத்தவங்க பேர் இருக்கு.

அந்தக் கசற்றில் இருந்த செத்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது என் அம்மா.

எட்டு நாளைக்குள் ஒரு வழி காட்டினால் சரி, இல்லையென்றால் வேறு ஆளுக்கு வேஷம் என்று தலைவர் முடித்தார். அன்று பின்னேரம் மாமாவின் மனைவி மூக்காயி அத்தை எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ஏ பேச்சி. மாசியில எங்க எல்லாரையும் ஏமாத்துனியே, அந்தச் சாமான் எங்க?"

அந்தச் சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸில் பழைய டெலிபோனைக் கழற்றிக் குப்பையில் போட்டிருந்தார்கள். வாய் வைத்துப் பேசுகிற பக்கத்தைத் திருகினால் உள்ளே ஒரு தகர வில்லை இருக்கும். குலுக்கினால் சரசரக்கும், உள்ளே கரித்தூள். அதோடு இரண்டு டோர்ச் பற்றரியும் கொஞ்சம் வயரும் சேர்த்து, சின்னம்மா குவைத்திலிருந்து கொண்டுவந்த கசற் பெட்டியின் மைக் ஓட்டையில் செருகினால் பெட்டி பேசும். நம் குரலில் பேசாது. மூக்கடைத்து, கரகரத்து, பாதிச் சொல்லைத் தின்றுவிட்டு, ஆபீஸ் டெலிபோனில் கிளாக்கர் ஐயா பேசுகிற மாதிரியே பேசும். நான் பெட்டியைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் கூரைக்குள் ஒளித்துவைத்து, "நாளைக்கு அஞ்சாம் நம்பர் மலைக்கு வேலை இல்லை" என்று சொன்னேன். தெளிவாகக் கேட்டிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். கரகரப்பாக வந்ததால் ஆபீஸ்தான் என்று நம்பினார்கள். மறுநாள் அரை டிவிஷன் வேலைக்கு வரவில்லை. தேயிலை அடைக்கிற காம்பராவில் எனக்கு இருந்த வேலை போனது. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். சிரித்த ஒரே ஆள் பழனியாண்டி மாமா. அவர் சிரித்ததும் யாருக்கும் கேட்கவில்லை.

"எதுக்கு அத்தை?" என்றேன்.

"கிளாக்கர் கொரல் வருதுன்னா எமன் கொரலும் வரும்ல. ரெண்டும் ஒரே ஆபீஸ்தானே."

மாமாவின் வீட்டு அடுப்படியில் தொடங்கினோம். முதல் தரம் மாமா வில்லையை வாயில் வைத்து "பாலம்மா" என்றார். பெட்டியில் உஸ் என்று வந்தது. தோசை ஊற்றின மாதிரி. பாலம்மா குந்தியிருந்து பார்த்துவிட்டு, "அப்பா, எனக்கு ரெண்டு" என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிசுகிசுப்பில் குரல் கிடையாது, காற்று மட்டும்தான் இருக்கிறது. காற்றை எப்படி உறும வைப்பது?

இரண்டு நாள் அதையே யோசித்தேன். சுத்தமாக்கப் பார்த்தால் கிடைக்காது. பாயிஸ் நானாவின் நல்ல மைக்கில் அந்தக் காற்று காற்றாகத்தான் கேட்கும். அசுத்தமாக்க வேண்டும். பெட்டியின் சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகினேன். காற்று வெடித்து வெடித்து வந்தது. பெட்டியின் ஸ்பீக்கர்க் கடதாசியில் ஊசியால் பதினைந்து ஓட்டை போட்டேன். சின்னம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. வெடிப்பு கிழிசலாக மாறியது. தேயிலைப் பெட்டிக்குள் வைக்கிற ஈயத்தாளில் ஒரு துண்டைக் கிழித்து அதன்மேல் ஒட்டினேன். கிழிசலுக்குள் ஒரு கறகறப்பு சேர்ந்தது. கடைசியாக ஸ்பீக்கரைக் கழற்றி, பெரிய பால்மா டின்னுக்குள் இறக்கி, டின்னைச் சாக்கால் சுற்றினேன்.

"கூப்பிடுங்க மாமா."

மாமா வில்லையை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு, தன்னிடம் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து, "பாலம்மா" என்றார்.

டின்னுக்குள்ளிருந்து வந்ததை என்னால் எழுத முடியாது. மண் சரிகிற சத்தத்துக்கு வாய் இருந்தால் அப்படி இருக்கும். அடுப்புக்கு மேலிருந்த தட்டுகள் நடுங்கின. மூக்காயி அத்தை கரண்டியைக் கீழே போட்டாள். பாலம்மா எழும்பி ஓடி, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்: "அது யாரு?"

மாமா வில்லையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் கூப்பிட்டு ஒரு ஆள் பயந்திருக்கிறது. கண் கலங்கியது. புகை என்று சிலேட்டில் எழுதினார். அடுப்பில் அப்போது நெருப்பே இல்லை.

தலைவர் வந்து கேட்டார். வில்லையைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், டின்னைத் தட்டிப் பார்த்தார். "இது பழனியாண்டி கொரலா, டின்னு கொரலா?"

மூக்காயி அத்தை முந்திக்கொண்டாள். "பத்து வருசமா ஹோர்ன்லதான் கூப்புடுறோம். அது மட்டும் யாரு கொரலுங்க? வாய் அவரோடது, சொல்லும் அவரோடது."

தலைவர் யோசித்தார். "சரி. ஆனா அன்னைக்கு நடுவுல நின்னு போச்சுன்னா நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன். மிச்சப் பேருக்கு வேற ஆள் கூப்பிடுவான்." மிச்சத்தில் பாலம்மாவும் இருப்பாள் என்பதை அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

பாயிஸ் நானாவைச் சரிக்கட்டுவதுதான் பெரும்பாடு.

"இது என்னத்த மகள், குப்ப வாளியா? என்ட அம்ப்ளிபயர்ல இதக் குத்தப் போறியா? வாணாம்."

"குத்த மாட்டேன் நானா. ஒங்க மைக்க இந்த டின்னுக்கு முன்னால வெச்சா போதும்."

"கண்டியிலயே என்ட சவுண்டு மாதிரி சுத்தமான சவுண்டு இல்ல. அதுல கொண்டுவந்து குப்பயக் கொட்டச் சொல்றா."

"எமன் சுத்தமா பேசினா யாரு நானா பயப்படுவா?"

அவர் தாடியைச் சொறிந்தார். "மைக்குக்கு முன்னால என்னத்தையும் வெச்சிக்கோ. வயருல கை வெச்சா ஹோர்னக் கழட்டிட்டுப் போயிருவேன்." பிறகு ஒரு கசற்றை என் கையில் வைத்தார். "இதயும் வெச்சிக்கோ. ஒண்ணும் சரி வராட்டி இதப் போடு. ஒங்கட தலைவருக்குச் சொல்லாத."

போன வருஷக் கசற். நான் அதை வாங்கிக்கொண்டேன். மாமாவிடம் சொல்லவில்லை.

வழமையாக எமன் பந்த வெளிச்சத்தில்தான் வருவார். அந்த வருஷம் அவசரகாலச் சட்டம். இருட்டுவதற்கு முன் முடிக்க வேண்டும் என்று பொலிஸில் சொல்லிவிட்டார்கள். பின்னேரம் மூன்று மணி, கொளுத்துகிற வெயில். களத்தின் நடுவில் சாம்பலால் வட்டம் போட்டு எமன் அதற்குள் நின்றார். கறுப்பு வேட்டி, கொம்பு வைத்த மரமுகம், ஒரு கையில் பலகை. முகத்துக்குள் வாய்க்கு நேரே வில்லையைக் கட்டியிருந்தேன். அதன் வயர் முதுகு வழியாக இறங்கி, களத்தில் இருபது அடி ஓடி, ஓரத்தில் மேசைக்குக் கீழே இருந்த பெட்டிக்கு வந்தது. பட்டப்பகல் என்பதால் எல்லோருக்கும் தெரிந்தது.

"எமனுக்கு வாலு மொளைச்சிருக்கு" என்று யாரோ சொன்னார்கள். கொஞ்சம் சிரிப்பு எழும்பியது. சிரித்தால் முடிந்தது. சிரிக்கிறவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள்.

எமன் முதல் பேரைக் கூப்பிட்டார்.

"காளிமுத்து..."

சிரிப்பு அறுந்தது. மேல் லயத்து நாய்கள் குரைக்கத் தொடங்கின. பிள்ளைகள் தாய்மாரின் சேலைக்குள் போனார்கள். பாயிஸ் நானா தன் அம்ப்ளிபயரைச் சந்தேகமாகப் பார்த்தார், அதற்குள் யாராவது இருக்கிறார்களா என்கிற மாதிரி. காளிமுத்துவின் மகன் பயந்த குரலில் கத்தினான்: "வேலைக்குப் போயிட்டாங்க!"

"ஆளில்ல." கோடு.

ஒவ்வொரு பேராகப் போனது. எனக்கு வேலை, பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து பற்றரியைப் பார்ப்பது. சாக்கு விலகினால் இழுத்துவிடுவது. சாக்கு விலகினால் ஹோர்ன் சத்தம் மைக்குக்குள் திரும்பிப் போய் ஊளையிடும். பத்து, இருபது, முப்பது. எமன் பேர் கூப்பிடும்போது குறுக்கே யாரும் பேசக் கூடாது. அவரிடம் போகவும் கூடாது. சாம்பல் வட்டத்தை விட்டு அவரும் வெளியே வரக் கூடாது.

முப்பத்தொன்பதாவது பேர்: "பேச்சியம்மா."

அம்மா இல்லாததால் எங்கள் வீட்டுக்கு என் பேரைக் கொடுத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கக் கூடாது. அப்பாதான் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக என் முகத்தைப் பார்க்காத அப்பா. கூட்டத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்றே எனக்குத் தெரியாது. நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

"வேலைக்குப் போயிட்டா." என் பின்னாலேயே, நாலடியில் நின்றிருந்தார். களத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அந்தச் சாக்கை நல்லா இழுத்துவிடு" என்றார்.

இழுத்துவிட்டேன்.

ஐம்பதுக்கு மேல் சத்தம் மாறத் தொடங்கியது. உறுமல் குறைந்து முணுமுணுப்பானது. முதலில் பற்றரி என்று நினைத்தேன். மாற்றினேன். மாறவில்லை. பிறகு விளங்கியது. வெயிலில் மரமுகத்துக்குள் ஒரு மணித்தியாலமாக மாமா ஊதிக்கொண்டிருக்கிறார். மூச்சின் ஈரம் வில்லைக்குள் இறங்கிக் கரித்தூள் கட்டிபட்டுவிட்டது. ஐம்பத்தெட்டு பாதிதான் கேட்டது. ஐம்பத்தொன்பதுக்கு இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது. அறுபதுக்கு மூன்று, மூன்றாம் தரம்தான் பதில் வந்தது. தலைவர் கதிரையிலிருந்து எழும்பினார். அறுபத்தொன்று எப்படியோ போனது.

அறுபத்திரண்டு.

மரமுகத்துக்குக் கீழே மாமாவின் தொண்டை அசைவது தெரிந்தது. ஹோர்னில் ஒன்றும் வரவில்லை. திரும்பவும் அசைந்தது. ஒன்றுமில்லை. கடைசிப் பேர் யாருடையது என்று தெரியாத ஆள் அங்கே இல்லை. மூக்காயி அத்தை பாலம்மாவின் தோளைப் பிடித்திருந்தாள். அவள் விரல் வெளுத்திருந்தது.

தலைவர் வேறு ஆளுக்குக் கை காட்டத் திரும்பினார்.

பெட்டியில் போன வருஷக் கசற் இருந்தது. முந்தின நாளே பென்சிலால் சுற்றி, கடைசிப் பேர் வருகிற இடத்தில் நிறுத்திவைத்திருந்தேன். ஒரு பொத்தான். அமுக்கினால் அதே டின், அதே கரகரப்பு, குரலும் மாமாவுடையதுதான். தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அரை டிவிஷனையே ஏமாற்றியவளுக்கு இது ஒரு வேலையா? விரல் பொத்தானில்தான் இருந்தது.

மரமுகம் என் பக்கம் திரும்பியது. கண் ஓட்டைக்குள் மாமாவின் கண். அவர் என் விரலைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. தலையை அசைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார். அமுக்கினால் ஊருக்குத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியும். பாலம்மாவுக்கு ஒவ்வொரு காய்ச்சல் வரும்போதும் தெரியும். அது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். மழை பெய்யும்போது எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

விரலை எடுத்தேன். எழும்பி நின்று, அவர் பார்க்கும்படி, என் மண்டையில் நானே படார் என்று ஒரு அடி அடித்தேன். இன்னொன்று. கூட்டம் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கும். மாசியில் ஒளிந்திருந்து கிளாக்கராகப் பேசியபோதும் வில்லை இப்படி அடைத்துக்கொள்ளும். தட்டினால் தூள் உதிர்ந்து திரும்பப் பேசும்.

மாமாவுக்கு விளங்கியது. பிறகு பலகையைத் தூக்கி மரமுகத்தின் வாயில் அடித்தார்.

ஒன்றுமில்லை.

இரண்டாவது அடி. ஹோர்னில் பாறை உருண்ட மாதிரி ஒரு சத்தம் விழுந்தது. பின்வரிசையில் பிள்ளைகள் அலறினார்கள். தலைவரின் கை பாதியில் நின்றது. மூன்றாவது அடி, இன்னும் பெரிதாக. பிறகு, அதுவரை வந்ததையெல்லாம் விட அசிங்கமாக, கிழிந்து, மண்ணும் கல்லுமாக:

"பா... ல... ம்மா..."

எல்லோரும் மூக்காயி அத்தையைப் பார்த்தார்கள். ஆறு வருஷமும் அவள்தான் பதில் சொன்னவள். ஆறு மாதமாக மாமாவுக்கும் சேர்த்துப் பேசியவள். அவள் வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை.

"பாலம்மா..." இரண்டாம் தரம்.

அத்தையின் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்தது. அவளுக்குப் பதிலாகச் சொல்ல அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. இருக்கிற இன்னொரு ஆள் எமனாக நிற்கிறார். தலைவர், "மூக்காயி, சொல்லு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஹோர்ன் மறுபடி அடைக்கத் தொடங்கியது. கறகறவென்று ஓரத்திலிருந்து இற்றுக்கொண்டு வந்தது.

"பா... ம்மா..." மூன்றாம் தரம்.

கரிக்கட்டி பலகையைத் தொட்டது. வட்டம் போடுவதென்றால் அவர் கையாலேயே போட வேண்டும்.

அப்போது அத்தையின் கைக்குள்ளிருந்து, எட்டு வயதுக் குரல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி உரக்கச் சொன்னது:

"நான் வேலைக்குப் போயிட்டேன்."

பேருக்கு உரியவள் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் அவள் சொன்னதில் பிழையும் இல்லை. ஆள் வேலைக்குப் போயிருக்கிறாள், அதை அவளே வந்து சொல்கிறாள். தலைவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார். எங்கள் கணக்கப்பிள்ளை கோயிலிலும் கணக்கப்பிள்ளைதான். இப்படி ஒரு பதிலை எந்தப் பக்கத்தில் பதிவது என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் எமனைப் பார்த்தார்.

எமன் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். ஹோர்னில் வந்தபோதுதான் விளங்கியது, சிரிப்பு. டின்னுக்குள்ளிருந்து எமன் சிரித்தால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். நாலு பிள்ளைகள் கழிசானை நனைத்துவிட்டார்கள்.

"ஆளில்ல" என்றார் எமன். கரிக்கட்டி உடையும்படி ஒரு கோடு இழுத்தார்.

வில்லை அதோடு நின்றுவிட்டது. பிறகு எவ்வளவு தட்டியும் பேசவில்லை.

சாமான்களை ஏற்றும்போது பாயிஸ் நானா பக்கத்தில் வந்து நின்றார். "மகள், அந்த டின்னுல எத்தன ஓட்ட போட்டீக்கிறாய்?"

"டின்னுல இல்ல நானா, கடதாசியில. ஏன், ஒங்க சுத்தமான சவுண்டுக்கு என்னாச்சு?"

"சும்மா கேட்டேன்." வயரைச் சுற்றிக்கொண்டே டின்னுக்குள் எட்டி எண்ணினார். "பதினஞ்சா?"

கசற்றை அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அது பொய். அதில் அம்மாவின் பேர் இருக்கிறது.

பிறகு வேறொரு பழைய டெலிபோனிலிருந்து புது வில்லை கிடைத்தது. நான் டின்னையும் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். இனிச் சிலேட்டு வேண்டாம், அடுப்படியில் பேசலாம், மேல் தட்டுக்கே கேட்கும் என்றேன். மாமா வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாலம்மாவைப் பார்த்தார், அவள் ஏற்கெனவே கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தாள். வில்லையை என் கையிலேயே வைத்து மூடினார். என்னைக் குனியச் சொல்லி, காதுக்குள் அந்தச் சைக்கிள் டியூப் காற்றை விட்டார்.

"வீட்டுக்குள்ள எமன் எதுக்கு?"

பாலம்மா கதவிலிருந்து திரும்பி வந்து, அவர் மடியில் உட்கார்ந்து, தன் காதை அவர் வாயோடு ஒட்டி வைத்தாள். அவர் என்னமோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவள் சிரித்தாள்.